பின் நம்பர் வந்தது, வேலை வரவில்லை

2024 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, கேர் ஹோமில் (முதியோர் இல்லத்தில்) நைட் முடித்துவிட்டு பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது, இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சியிடமிருந்து மெயில் வந்தது. என் பின் நம்பர், அதாவது இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கலாம் என்பதற்கான பதிவு எண். பஸ்ஸிலேயே அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லி, அத்தை தெருவுக்கே சொல்லி, சாயங்காலத்துக்குள் நான் லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதாக ஊரில் பேச்சு. நான் இருந்தது லெஸ்டரில். ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தது எட்டு மாதம் கழித்து. அந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பதிவுக்கான செய்முறைப் பரீட்சையான ஆஸ்கியை பாஸ் பண்ணுவது எப்படி என்று சொல்ல ஏகப்பட்ட வீடியோ இருக்கிறது, பாஸ் பண்ணிவிட்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

முன்கதை சுருக்கமாக. திருநெல்வேலிப் பக்கம் பிஎஸ்சி நர்சிங், அப்புறம் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் ஐந்து வருஷம். 2023 ஜனவரியில் கணவர் எம்எஸ்சி படிக்க வந்தார், குடும்பத்தாருக்கான டிபெண்டன்ட் விசாவில் நானும் வந்தேன். (2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்பு மாதிரி சிலவற்றுக்கு மட்டும்தான் மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியும். நாங்கள் கடைசி பஸ்ஸில் தொற்றிக்கொண்டவர்கள்.)

ஊரிலிருந்தே ஆஸ்பத்திரிகள் தேர்ந்தெடுத்துக் கூட்டி வரும் நர்ஸ்களின் கதை வேறு. அவர்களுக்கு விசா, டிக்கெட், ஆஸ்கி பயிற்சி, தங்க இடம் எல்லாம் ஏறக்குறைய ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும், வேலையும் கையில் இருக்கும். என்னைப்போல குடும்பத்தோடு வந்து சொந்தமாகப் பதிவு செய்பவர்கள் எல்லாவற்றுக்கும் கைக்காசு போட வேண்டும். நான் கட்டியபோது படிப்பைச் சரிபார்க்க 140 பவுண்ட், கம்ப்யூட்டரில் எழுதும் சிபிடி பரீட்சைக்கு 83, ஆஸ்கி 794, பதிவுக்கு 153. ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம் தனி. கேர் ஹோமில் அப்போது மணிக்கு 10 பவுண்ட் 42 பென்ஸ். ஆஸ்கிக்கு மட்டும் எத்தனை மணி நேரம் எத்தனை பேருக்கு டயபர் மாற்ற வேண்டும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

நார்தாம்ப்டனில் ஆஸ்கி எழுதினேன். மொத்தம் பத்து ஸ்டேஷன் (பரீட்சையின் பகுதிகள்), முதல் தடவை ஒன்றில் ஃபெயில். மருந்து கொடுக்கும் ஸ்டேஷனில் அலர்ஜி இருக்கிறதா என்று நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. சார்ட்டில் பார்த்தேன், மனசுக்குள் படித்தும் கொண்டேன். மதுரையில் கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கும், கண் தானாக அங்கே போகும், யாரும் சத்தமாகப் படிப்பதில்லை. இங்கே பரீட்சை பார்ப்பவருக்கு என் கண் எங்கே போனது என்று எப்படித் தெரியும்? செய்ததை வாயால் சொல்லாவிட்டால் செய்யாததுதான். அந்த ஒரு ஸ்டேஷனுக்குத் திரும்பப் பணம் கட்டி, திரும்ப நார்தாம்ப்டன் போய் பாஸ் ஆனேன். அதே பாடத்தை அப்புறம் வேலை தேடும்போது இன்னொரு தடவை படிக்க வேண்டியிருந்தது. அப்போது இரண்டும் ஒன்று என்று தோன்றவில்லை.

பின் நம்பர் வந்த வாரமே விண்ணப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். இங்கே அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் புது நர்ஸுக்கு பேண்ட் 5 என்ற சம்பளப் படியில் வேலை, 2024-25 கணக்குப்படி ஆண்டுக்கு 29,970 பவுண்டில் ஆரம்பம். ஐசியூ என்று எங்கே பார்த்தாலும் போட்டேன். ஐந்து வருஷ ஐசியூ அனுபவத்தை யார் வேண்டாம் என்பார்கள் என்று நினைப்பு. ஜூன் முடிவதற்குள் 41 விண்ணப்பம். அதில் 36க்கு ‘இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை’ என்று ஒரே அச்சில் வார்த்த பதில், ஐந்துக்கு மட்டும் இன்டர்வியூ, அந்த ஐந்தும் போச்சு.

காலமும் அப்படி. 2022, 2023இல் வந்தவர்களை ஆஸ்பத்திரிகள் கை நீட்டி வாங்கின. 2024இல் பட்ஜெட் இறுகியது, காலியிடங்கள் நிரம்பின, வெளிநாட்டிலிருந்து நேராக ஆள் எடுப்பதைப் பல இடங்களில் நிறுத்தி வைத்தார்கள். இங்கேயே படித்து முடித்த பிள்ளைகளுக்கே முதல் வேலை இழுபறி. ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேலை கிடைக்காததெல்லாம் உங்கள் தப்பு இல்லை. ஆனால் என் விஷயத்தில் கொஞ்சம் என் தப்பும் இருந்தது.

மூன்றாவது இன்டர்வியூ இன்னும் கண்முன் நிற்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒரு அப்சர்வேஷன் சார்ட்டை என் பக்கம் தள்ளினார்கள். மூச்சு 24, ஆக்சிஜன் வைக்காமலே ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 94, பிபி 102க்கு 60, பல்ஸ் 112, டெம்பரேச்சர் 38.4, நோயாளி விழிப்பாக இருக்கிறார். இங்கே பெரியவர்களுக்கான வார்டுகளில் நியூஸ்2 என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு, ஒவ்வொரு அளவுக்கும் புள்ளி போட்டுக் கூட்ட வேண்டும். மூச்சுக்கு 2, சாச்சுரேஷனுக்கு 1, பிபிக்கு 1, பல்ஸுக்கு 2, காய்ச்சலுக்கு 1, மொத்தம் 7. 7ஐத் தொட்டால் எமர்ஜென்சி. கூட்டிச் சரியாகச் சொல்லிவிட்டேன். “என்ன செய்வீர்கள்?” என்றார் நடுவில் இருந்த அம்மா.

“டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணுவோம்” என்றேன்.

“டாக்டர் வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரை?”

“டாக்டர் ஆர்டர் கொடுத்தபடி செய்வோம்.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். எழுதும்போதே தெரிந்துவிட்டது.

இதில் எரிச்சல் என்னவென்றால், மதுரையில் அதே நோயாளி என் பெட்டில் இருந்திருந்தால் என் கை சும்மா இருந்திருக்காது. தலையைத் தூக்கி வைத்து, லைன் போட்டு, பிளட் எடுத்து வைத்து, யூரின் பேக்கைப் பார்த்து, தொற்று முற்றிய செப்சிஸ் மாதிரி இருக்கிறது என்று டியூட்டி டாக்டரை எழுப்பி, அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். கை செய்யும், வாய் மட்டும் ‘டாக்டர் ஆர்டர்’ என்று சொல்லும். அங்கே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், நானாகச் செய்தேன் என்று சொன்னால் “நீ என்ன டாக்டரா?” என்று கேட்பார்கள். அதனால் நான் என்ற வார்த்தையே நாக்கில் வராது. இன்ஃபார்ம் பண்ணுவோம், பார்ப்போம், கொடுப்போம், எல்லாமே நாங்கள்தான். இங்கே பேனலில் இருப்பவர்களுக்கு அந்த ‘நாங்கள்’ ஒரு பிரச்சினை. அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தால்தான் அவர்கள் மார்க் போட முடியும்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. இன்டர்வியூவில் தேறாதவர்கள் போன் செய்து ஃபீட்பேக் கேட்கலாம், மெயிலின் அடியில் நம்பரே இருக்கும். முதல் இரண்டு தடவை வெட்கப்பட்டுக் கேட்கவில்லை. மூன்றாவதற்குக் கேட்டேன். பத்து நிமிஷம் பொறுமையாகப் பேசினார் அந்த அம்மா. உங்களுக்கு வேலை தெரியும் என்று தெரிகிறது, ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றார். எனக்கு நார்தாம்ப்டன் அலர்ஜி ஞாபகம் வந்தது. கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

அதற்குப் பிறகு விண்ணப்பத்தையே கிழித்துப்போட்டு எழுதினேன். முன்னால் எழுதியிருந்தது இதுதான்: ‘எனக்கு ஐசியூவில் ஐந்து வருட அனுபவம் உண்டு. வென்டிலேட்டர், சென்ட்ரல் லைன், டிரக்கியாஸ்டமி பராமரிப்பு தெரியும். கடினமாக உழைப்பேன், டீமோடு ஒத்துப்போவேன்.’ ஊர் பயோடேட்டாவை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டியது. ஒவ்வொரு வேலையோடும் பர்சன் ஸ்பெசிஃபிகேஷன் என்று ஒரு தாள் வரும், அதில் கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லது என்று இரண்டு பட்டியல். விண்ணப்பத்தைப் படிப்பவர் உங்கள் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை, அது மறைத்துத்தான் வரும், அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போவார். அவர் தேட வேண்டிய அவசியம் இல்லாமல், கட்டாயப் பட்டியலில் என்ன வரிசையோ அதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நான் செய்த ஒரு சம்பவத்தை எழுதினேன். இன்ன நிலைமை, நான் இதைக் கவனித்தேன், இதைச் செய்தேன், கடைசியில் இப்படி ஆனது.

நல்ல சம்பவம் ஐசியூவிலிருந்து வரும் என்று பார்த்தால், கேர் ஹோமிலிருந்து வந்தது. எண்பது தாண்டிய தாத்தா ஒருவர் இருந்தார், எப்போது கேட்டாலும் “நாட் டூ பேட், டக்” என்பார். டக் என்றால் இந்தப் பக்கத்தில் கண்ணு, செல்லம் மாதிரி. வந்த புதிதில் எனக்கு நாட் டூ பேட் என்றால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நம் ஊரில் வலித்தால் “ஐயோ உயிர் போகுதே” என்று வார்டே அதிரும், கூட வந்தவர்கள் நான்கு பேர் நர்ஸைத் தேடி ஓடி வருவார்கள். இங்கே உயிர் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தாலும் நாட் டூ பேட்தான். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனேன். அதையேதான் சொன்னார், ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினார், முந்தின ராத்திரி ஒரே மூச்சில் சொன்னவர். நின்று ஒரு நிமிஷம் எண்ணினேன், 26. டியூட்டி நர்ஸிடம் போய், இன்னார், நேற்று இப்படி, இன்று இப்படி, மூச்சு 26, நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும் என்றேன். ஆம்புலன்ஸ் வந்தது. நிமோனியா. இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று என்னிடம் சண்டை போட்டார்.

கேர் ஹோமில் நான் பார்த்த ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் (உதவியாளர்) வேலையை விண்ணப்பத்தில் ஒரு வரியில் ஒதுக்கியிருந்தேன், கேவலம் என்று நினைத்து. உண்மையைச் சொன்னால், முதல் மாதம் பாத்ரூமில் நின்று அழுதிருக்கிறேன். மதுரையில் உடம்பு துடைப்பதும் பெட்பேன் வைப்பதும் ஆயாம்மாவோ நோயாளியின் மகளோ செய்வார்கள். நாம் மானிட்டர் பக்கம் நிற்பவர்கள். இங்கே நர்ஸும் துடைப்பார், ஊட்டுவார், கால் நகத்தைப் பார்ப்பார். துடைக்கும்போதுதான் முதுகில் தொடங்கும் புண் தெரியும். இதை இன்டர்வியூவில் என் வாயால் சொன்ன அன்று, எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆனால் அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே அங்கே மாணவியாக இருந்த ஒருவருக்குப் போனது. அது நியாயம்தான், தெரிந்த ஆளை எடுப்பார்கள். அப்படியென்றால் நாமும் தெரிந்த ஆளாக வேண்டும், வேறு வழியில்லை.

கேர் ஹோமில் என்னோடு வேலை பார்த்த கோட்டயத்து சேச்சி ஒருவர்தான் அதற்கு வழி சொன்னார். இங்கே ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் என்று ஒன்று உண்டு, பணம் போடும் பேங்க் இல்லை. ஆள் குறைகிற ஷிஃப்ட்டுக்குக் கூப்பிட வைத்திருக்கும் பட்டியல். அதில் ஹெல்த்கேர் அசிஸ்டன்டாகப் பெயர் கொடு, கையில் பின் இருந்தால் இருக்கட்டும் என்றார். “பின் வாங்கிய பிறகு மறுபடியும் அசிஸ்டன்டா?” என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். “ஐசியூ சிஸ்டர் வீட்டுலயே இரி” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து விண்ணப்பித்தேன். சேரும்போதே எனக்குப் பதிவு இருப்பதையும் எழுதிக் கொடுத்தேன், அதை மறைக்காதீர்கள். அசிஸ்டன்டாக நிற்கிற ஷிஃப்ட்டில் நர்ஸ் வேலைக்குக் கை நீட்டவும் கூடாது. மருந்து டிராலி பக்கத்தில் நின்றால் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

முதியோர் வார்டு ஒன்றில் வாரம் இரண்டு ஷிஃப்ட். அங்கேதான் இந்த ஆஸ்பத்திரிகள் எப்படி ஓடுகின்றன என்று புரிந்தது. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் எதைச் சொல்கிறார்கள், டாக்டரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதை எங்கே எழுதுகிறார்கள், ஊசி போட எத்தனை கையெழுத்து. நரம்பில் கேனுலா குழாய் போடுவதை மதுரையில் தூக்கத்தில்கூடச் செய்வேன், இங்கே பயிற்சி முடித்து ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் தொடலாம். இன்டர்வியூவில் “நான் உடனே கேனுலா போடுவேன்” என்று பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள், “அதற்கு இங்கே தகுதிச் சான்று வாங்கிய பிறகு” என்று சேர்த்துச் சொல்லுங்கள். சிஸ்டர் என்ற வார்த்தையிலும் கவனம். நமக்கு எல்லா நர்ஸும் சிஸ்டர், இங்கே சிஸ்டர் என்றால் வார்டை நடத்துபவர். முதல் வாரம் ஒரு பாட்டி நீ யார் என்று கேட்க, “சிஸ்டர்” என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற நிஜ சிஸ்டர் “அப்படியா, அப்ப ரோஸ்டர நீயே போடு” என்றார்.

அந்த நிஜ சிஸ்டர்தான் ஆகஸ்டில் ஒரு நாள் டீ ரூமில், பேண்ட் 5 ஒன்று வரப்போகிறது, வெளியான அன்றே போடு என்றார். சில விளம்பரங்களை விண்ணப்பம் குவிந்தவுடன் சொன்ன தேதிக்கு முன்பே மூடிவிடுவார்கள், கடைசி நாள் வரை மெருகேற்றிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். அன்றே போட்டேன். இன்டர்வியூவில் சலுகை ஒன்றும் கிடையாது, அதே மாதிரி மூன்று பேர், அதே மாதிரிக் கேள்விகள். மருந்துக் கணக்கு ஒன்று, தப்பான மருந்து கொடுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று ஒன்று (மறைக்காமல் நோயாளியிடமே சொல்ல வேண்டும், இதில் தயங்கினால் முடிந்தது கதை), அப்புறம் ஒரு சார்ட். இந்தத் தடவை தாத்தாவின் கதையைச் சொன்னேன், “நான் நின்று எண்ணினேன்” என்று ஆரம்பித்து. அக்டோபரில் சேர்ந்தேன்.

விசாவைப் பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். விண்ணப்பத்தில் ஸ்பான்சர்ஷிப் (வேலை தருபவர் விசாவுக்குப் பொறுப்பேற்பது) வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். எனக்கு அப்போது டிபெண்டன்ட் விசாவில் முழுநேரம் வேலை பார்க்க உரிமை இருந்தது, அது தெரியாமல் முதல் பத்து விண்ணப்பத்தில் ஆம் என்று போட்டிருந்தேன். எத்தனை இடத்தில் அதனாலேயே ஒதுக்கினார்களோ. பொய் சொல்லச் சொல்லவில்லை, உங்கள் விசா இன்று எதற்கு அனுமதிக்கிறது என்று சரியாகப் படித்துவிட்டு, அதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கணவரின் விசா முடியப்போகிற நேரத்தில் என் ஆஸ்பத்திரி எனக்கு ஸ்பான்சர்ஷிப் கொடுத்தது. நான் நர்ஸ் விசாவுக்கு மாறினேன், இப்போது அவர் எனக்கு டிபெண்டன்ட். வீட்டில் இதை அதிகம் பேசுவதில்லை.

ஏஜென்ட் விஷயம். வேலை வாங்கித் தருகிறேன் என்று இங்கே யாரும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது, சட்டப்படி தப்பு. ஊரில் லட்சக்கணக்கில் கொட்டி கேர் ஒர்க்கர் விசாவில் வந்து, இறங்கிய பிறகு ஷிஃப்ட்டே இல்லாமல் நின்ற நர்ஸ்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள், இன்னும் அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் போனை வையுங்கள். தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னையில் இருக்கிறது, வெளிநாட்டு வேலை என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

போன மாதம் தென்காசியிலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்தாள், கணவர் இங்கே ஐடியில் இருக்கிறார், இவள் தையில் வருகிறாள். என்ன கொண்டுவரட்டும் அக்கா என்று கேட்டாள். புளியும் குக்கரும் இங்கே கிடைக்கும், பேப்பரைக் கொண்டுவா என்றேன். நம் ஊர் நர்சிங் கவுன்சிலில் பதிவைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷனுக்குக் கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடு. வேலை பார்த்த வார்டு, எத்தனை பெட், சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் போட்டு அனுபவச் சான்றிதழ் வாங்கு, ‘நன்னடத்தை உள்ளவர்’ என்று இரண்டு வரி கொடுத்தால் வாங்காதே. ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் எந்த ஆஸ்பத்திரியிலும் விட்டுவிட்டு வராதே. பழைய ஆஸ்பத்திரியிடம் உன்னைப் பற்றி ரெஃபரன்ஸ் கேட்பார்கள், ஆஸ்பத்திரி பெயரில் உள்ள மெயில் முகவரியிலிருந்துதான் பதில் போக வேண்டும் என்பார்கள், என் ரெஃபரன்ஸ் அதில்தான் மூன்று வாரம் சிக்கி நின்றது.

“அக்கா, எங்க சூப்பரின்டென்டன்ட் மேடத்துக்கு ஜிமெயில்தான் இருக்கு” என்றாள்.

ஹெச்ஆரில் கேள், அவர்களிடம் கட்டாயம் ஒன்று இருக்கும், பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள் என்றேன்.